மூன்றரை நட்சத்திரச் சொதி

கல்யாணமே ஆகாத பெண் மறுவீட்டுச் சொதி விற்கலாமா என்று கோமு அத்தை கேட்டாள். விஜயஸ்ரீ இருந்தாலும் விற்றாள். பாக்கெட்டின் மேல் 'மறுவீடு' என்றே பெயரும் போட்டாள். திருநெல்வேலிச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்தில் சொதி இல்லாவிட்டால் சம்பந்தியின் முகம் எப்படிப் போகும் என்பது இந்த ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் இஞ்சியும் பச்சைமிளகாயும் சேர்ந்த அந்தக் குழம்பைப் பொடியாக்கிப் பாக்கெட்டில் அடைத்து, ஊருக்கு வர லீவு கிடைக்காமல் சென்னையிலும் பெங்களூரிலும் கிடந்து தவிக்கிற ஜனங்களுக்கு அனுப்புவதுதான் அவள் வியாபாரம். வெந்நீரில் கரைத்து, வெந்த காய்களைப் போட்டு, பொங்கும் முன் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்தால் முடிந்தது.

இதற்காக, பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் டீச்சர் வேலையை விட்டாள். வண்ணார்பேட்டையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, முத்துமாலை அக்காவையும் இன்னும் இரண்டு பெண்களையும் வேலைக்குச் சேர்த்தாள். தலைமையாசிரியை நல்ல மனுஷி. "உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடலை. பொங்கல் வரைக்கும் பாக்கேன், முடியலைன்னா வந்துரு" என்று அவ்வப்போது போன் பண்ணிச் சொல்வார். அன்பாகத்தான் சொன்னார் என்றாலும் அந்தப் போன் வரும்போதெல்லாம் விஜயஸ்ரீ பொங்கலுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தாள்.

அப்பா அருணாசலம் அதுகூடச் சொல்லவில்லை. பத்திரப்பதிவு ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வேலையை விட்ட அன்று "ம்" என்றார். அதற்குப் பிறகு சொதியைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. தட்டில் ஊற்றினால் சாப்பிடுவார், கை கழுவுவார், பென்ஷன்காரர்கள் சங்கத்துக்குக் கிளம்பிவிடுவார். அவர் எதையுமே நன்றாக இருக்கிறது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. விஜயஸ்ரீ பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தபோது, "கணக்குல ரெண்டு மார்க்கு போயிருச்சே" என்றவர். 'பரவாயில்லை' என்பதுதான் அவர் கொடுக்கும் தங்கப் பதக்கம். அந்தப் பதக்கமும் சொதிக்கு இன்னும் கிடைக்கவில்லை.

விளம்பரம் எல்லாம் ரீபா பொறுப்பு. பாளையங்கோட்டைக்காரி, பள்ளிக்கூடத்தில் விஜயஸ்ரீயோடு வேலை பார்த்தவள், கையில் போன் இருந்தால் எதிரில் இருப்பவரைச் சிரிக்கவைக்காமல் விடமாட்டாள். ஆரம்பத்தில் அவளுக்கும் சொதி தண்ணி காட்டியது. சாம்பாருக்கு ஒரு நிறம் இருக்கிறது, காரக்குழம்புக்கு ஒரு மினுமினுப்பு இருக்கிறது. சொதியைப் படம் பிடித்தால் சுவருக்கு அடிக்கக் கரைத்துவைத்த சுண்ணாம்பு மாதிரி தெரிந்தது. இரண்டு மாதம் எவனும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் ரீபா கேமராவைக் குழம்பிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறவர் முகத்துக்குத் திருப்பினாள். பந்தியில் சொதி வரத் தாமதமானால் சம்பந்தி முகம் எப்படிச் சுருங்கும், வந்ததும் எப்படி மலரும் என்று முத்துமாலை அக்காவை நடிக்கவைத்து ஒரு ரீல் போட்டாள். இன்ஸ்டாகிராமில் அது பிய்த்துக்கொண்டு ஓடியது. குறுக்குத்துறைப் படித்துறையில் விஜயஸ்ரீ டம்ளரில் சொதி குடிக்கிற ரீலை அறுபதாயிரம் பேர் பார்த்தார்கள். "ஏட்டி, நீ இப்ப ஊருக்கே மருமக" என்றாள் ரீபா.

பார்த்தவர்கள் எல்லாம் வாங்கிவிடுவதில்லை. சிரித்துவிட்டு அடுத்த ரீலுக்குப் போய்விடுவார்கள். வாங்குகிற எண்ணத்தோடு வருகிறவர்கள் 'கூடை' என்ற செயலியில்தான் தேடுகிறார்கள் என்று 'மறுவீட்டை'யும் அதில் சேர்த்தார்கள். சேர்த்த அன்றே குடும்ப வாட்ஸப் குழுவில் விஜயஸ்ரீ ஒரு வேண்டுகோள் வைத்தாள். எல்லாரும் ஆளுக்கொரு பாக்கெட் வாங்கி, நல்லபடியாக நாலு வரி எழுதி, நட்சத்திரம் போடுங்கள் என்று கும்பிடு பொம்மையோடு கேட்டுக்கொண்டாள். சொந்தக்காரர்கள் குறை வைக்கவில்லை. அம்பை மாமா முதல் மும்பை சித்தி வரை வாங்கினார்கள், எழுதினார்கள். மார்கழி பிறந்தபோது 'மறுவீட்டின்' மதிப்பு அஞ்சுக்கு மூன்றரை என்று வந்து நின்றது.

அன்று சாயங்காலமே 'கூடை'யிலிருந்து குருபிரசாத் பேசினான். சென்னை ஆபீசில் தென்மாவட்டக் கடைகளைப் பார்த்துக்கொள்கிறவன்.

"மேடம், தை மாசக் கல்யாண சீசனுக்கு முதல் பக்கத்துல ஒரு ஸ்பெஷல் பண்றோம். உங்க சொதி அதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. ஆனா நாலு ஸ்டாருக்குக் கீழ இருந்தா சிஸ்டமே எடுத்துக்காது. பொங்கலுக்குள்ள ஏத்திருங்க."

முதல் பக்கத்தில் வந்துவிட்டால் வண்ணார்பேட்டை வீட்டுக்கு உயிர் வந்துவிடும். வராவிட்டால், இப்போது வருகிற ஆர்டருக்கு அந்த வீடு வருஷம் முழுக்கத் தாங்காது. முத்துமாலை அக்காவை நிறுத்திவிட்டு, பொங்கலுக்கு மறுநாள் சாக்பீஸைப் பிடிக்கவேண்டியதுதான். விஜயஸ்ரீ போனை வைத்துவிட்டு ரீபாவைப் பார்த்தாள்.

"நம்ம ஆளுங்கதான எழுதியிருக்காவ? எப்பிடி மூன்றரை ஆச்சு?"

இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தார்கள். வாசிக்க வாசிக்க ரீபாவின் வாய் பிளந்துகொண்டே போனது. மும்பைச் சித்தி மூன்று நட்சத்திரம் போட்டு, 'தேவாமிர்தம். ஆனால் பாக்கெட் ஒரு பக்கம் கிழிந்திருந்தது' என்று எழுதியிருந்தாள். அம்பை மாமா, 'இப்படி ஒரு சொதி சாப்பிட்டதே இல்லை. பல்லில் சிறு கல் ஒன்று கடிபட்டது.' சென்னையில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன், 'பிரமாதம். பருப்பு சற்றுக் கருகல்.' எல்லாவற்றுக்கும் மேலே கோமு அத்தை: 'சொதி மணக்குது. உள்ளே ஒரு தலைமுடி கிடந்தது.'

"முடியா?" என்று பின்னால் நின்று கேட்ட முத்துமாலை அக்காவின் கை தானாகவே தலையில் கட்டியிருந்த துணியைத் தொட்டுப் பார்த்தது. அவர் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

கீழே ஒற்றை நட்சத்திரத்தோடு ஒன்று தனியாகக் கிடந்தது. எழுதியவர் பெயர் 'நெல்லைவாசி'. 'இதெல்லாம் ஒரு சொதியா? வாயில் வைக்க வழியில்லை. யாரும் வாங்கி ஏமாறவேண்டாம்.' விஜயஸ்ரீ அதை இரண்டு தடவை வாசித்தாள். யாரோ ஓங்கி அறைந்ததுபோல இருந்தது.

மறுநாள் காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு இருவரும் பாலத்தைக் கடந்து தியாகராஜ நகரில் அத்தை வீட்டுக்குப் போனார்கள். அத்தை வாசலிலேயே நின்றாள்.

"வாங்கட்டி வாங்க. காப்பி குடிக்கேளா?"

"காப்பி கிடக்கட்டும் அத்தை. அந்த முடியை வச்சிருக்கேளா?"

"எந்த முடி?"

"என் பாக்கெட்ல கிடந்ததுன்னு எழுதியிருக்கேளே, அது."

அத்தை தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இருவரையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். "முடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கண்ணு பட்டுரப்படாதுன்னு எழுதினேன்."

"கண்ணா?"

"பின்ன? நல்லாருக்கு நல்லாருக்குன்னு ஊரே கூடி அஞ்சு நட்சத்திரம் போட்டா அந்தக் கடை விளங்குமா? பச்சப்பிள்ளைக்குக் கன்னத்துல கருப்பா ஒரு பொட்டு வைக்கோம்லா, அது மாதிரி. நான்தான் ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிச் சொன்னேன், ஆளுக்கொரு குறை சொல்லுங்கன்னு. ஒரே குறையாப் போயிரக் கூடாதுல்லா, அதனால பிரிச்சுக் குடுத்தேன். கல்லை அம்பை அண்ணாச்சிக்குக் குடுத்தேன், கருகலை சென்னைக்காரனுக்கு. முடி கொஞ்சம் பெரிய குறை. அதை அடுத்தவுகளுக்குக் குடுக்க மனசு வரல, நானே வச்சுக்கிட்டேன்."

சொல்லும்போது அத்தை முகத்தில் பெருமை வழிந்தது. விஜயஸ்ரீக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ரீபாவுக்கு அந்தக் குழப்பம் எல்லாம் இல்லை, கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தாள். "எங்க வீட்ல எனக்காக ஜெபம் பண்ணுவாங்க அத்தை. இல்லாத முடியை இருக்குன்னு சாட்சி சொல்ல மாட்டாங்க!"

"சிரிக்காதட்டி. நீ வேற இவ மூஞ்சிய அறுபதாயிரம் பேருக்குக் காட்டியிருக்க" என்று அத்தை அவளை அதட்டினாள்.

ஒற்றை நட்சத்திரத்தைக் காட்டியபோதுதான் அத்தையின் முகம் மாறியது. "இது நான் குடுத்தது இல்ல. சத்தியமா இல்ல. நம்ம ஆளு இவ்வளவு தூரம் போகமாட்டாவ. யாரோ வயித்தெரிச்சல் பிடிச்சவன் எழுதியிருக்கான்."

அடுத்த வாரம் முழுக்கப் பேரம்தான். குறையை எடுத்துவிட்டு முழு அஞ்சு போடுங்கள் என்றால் சொந்தங்கள் நடுங்கினார்கள். "நாலரை போட்டுக்கிடட்டா?" என்று அம்பை மாமா கேட்டார். அரை நட்சத்திரம் கிடையாது என்று விளக்கியதும், "நாலு போடுதேன், அதுக்கு மேல என்னைக் கேக்காத" என்று வைத்துவிட்டார். அத்தை முடியை எடுத்துவிட்டாள், ஆனால் 'பாக்கெட் நிறம் இன்னும் கொஞ்சம் நல்லா இருந்திருக்கலாம்' என்று ஒரு பொட்டு மிச்சம் வைத்தாள். முத்துமாலை அக்காவிடம் போனில் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். இப்படி இழுத்துப் பறித்து மதிப்பு மூன்று புள்ளி ஒன்பதுக்கு ஏறியது. அங்கே நின்றது நின்றதுதான்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு குருபிரசாத் மறுபடி பேசினான். "மேடம், ஒரு வழி இருக்கு. அந்த நெல்லைவாசி ஐடில இருந்து உங்ககிட்ட ஒரு ஆர்டர்கூட வந்ததில்ல. பொய் ரிவ்யூன்னு நீங்க ஒரு புகார் குடுங்க, சாயங்காலத்துக்குள்ள தூக்கிடறோம். அது போனா உங்களுக்கு நாலு வந்துடும். நாளைக்கு லிஸ்ட் மூடறோம்."

விஜயஸ்ரீக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சர்ச் ஆராதனை முடிந்து சேலையைக்கூட மாற்றாமல் வந்திருந்த ரீபா, டவுனில் விஜயஸ்ரீ வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே புகாரைத் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அன்றும் சொதிதான். அருணாசலம் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எழுதிட்டேன். 'இந்த நபர் எங்கள் பொருளை வாங்காமலே, கெட்ட எண்ணத்தோடு பொய் எழுதியிருக்கிறார்.' அனுப்பிரட்டா?" என்றாள் ரீபா.

"அனுப்பு. எந்தப் பாவியோ, நல்லா இருக்கட்டும்" என்றாள் விஜயஸ்ரீ.

அருணாசலத்தின் கை தட்டில் நின்றது. "அதை எடுக்கவேண்டாம்" என்றார்.

சொதி விற்க ஆரம்பித்த பிறகு அந்த வியாபாரத்தைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். இரண்டு பெண்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன்ப்பா?"

"எடுத்தா... வெறுமனே நிக்குமேம்மா."

விஜயஸ்ரீக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, கையில் இருந்த கரண்டியை மேஜைமேல் வைத்தாள். "அப்பா. நெல்லைவாசி நீங்களா?"

"நம்ம பாபநாசம் இருக்கான்லா, சங்கத்துல? அவன்கிட்டக் கேட்டு எழுதினேன். எனக்கு எங்க அமுக்கணும்னு தெரியல." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினார், மகள் முகத்தைப் பார்க்கவில்லை. "கோமு எல்லாருக்கும் சின்னச் சின்னதாக் குடுத்திருந்தா. முடி, கல்லுன்னு. அது காணுமா? அறுபதாயிரம் பேரு பாக்காவ. நான் பெத்தவன், நான் பெருசா ஒண்ணு வைக்கவேண்டாமா?"

அவரே தொடர்ந்தார்.

"உங்கம்மைய ஊரே சொல்லும், ராசாத்தி மாதிரி இருக்கான்னு. நானும் கூடச் சேந்து வாய்விட்டுச் சொன்னேன். நாப்பது வயசுல போயிட்டா. அதுக்குப் பொறவு எதையும் நல்லாருக்குன்னு சொல்ல எனக்குப் பயமா இருக்கு. நீ கடை வச்சதுல இருந்து தெனமும் அந்தப் போன்ல பாக்கேன். வாயத் திறந்து ஒண்ணும் சொல்லிரக்கூடாதுன்னுதான் பைய எந்திரிச்சுப் போயிருதேன்."

தன்னைப் பிடிக்காமல்தான் அப்பா பேசாமல் இருந்தார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்ததை எண்ணி விஜயஸ்ரீக்கு வெட்கமாக இருந்தது. கூடவே நெஞ்சு நிறைந்தும் இருந்தது. அந்த மனிதர் பென்ஷன்காரர்கள் சங்கத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து, பாபநாசத்துக்கு ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிச் சொல்லி மகளின் சொதியைத் திட்டி எழுதவைப்பதை நினைத்துப் பார்த்தாள். அதைவிட அன்பாக அவளைப் பற்றி யாரும் எழுதியதில்லை.

"நீ வேணும்னா எடுத்துரும்மா. உன் பொழப்பு. நான் கிறுக்கன்" என்றார் அருணாசலம்.

ரீபா விரலை அனுப்பு பொத்தானுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி இருந்தாள். விஜயஸ்ரீ அவள் கையிலிருந்து போனை வாங்கினாள். புகாரை அழித்தாள். அந்த ஒற்றை நட்சத்திரத்துக்குக் கீழே, கடைக்காரர் பதில் எழுதுகிற இடத்தில் எழுதினாள்: 'இது என் அப்பா வைத்த திருஷ்டிப் பொட்டு. இது இருக்கிறவரைக்கும் எங்களுக்கு நாலு நட்சத்திரம் வராது. இருந்தாலும் அழிக்கப்போவதில்லை.'

"முதல் பக்கம் போச்சுட்டி" என்றாள் ரீபா.

"போகட்டும்."

"பள்ளிக்கூடம்?"

விஜயஸ்ரீ அன்று ராத்திரி தலைமையாசிரியைக்கு என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

ரீபா தூங்கவில்லை. அப்பாவின் திட்டையும் மகளின் பதிலையும் சேர்த்துப் படமாக எடுத்து, 'மறுவீடு' பக்கத்தில் போட்டுவிட்டுத்தான் படுத்தாள். பாட்டு இல்லை, எடிட்டிங் இல்லை, சொதியைக்கூடக் காட்டவில்லை. இத்தனை நாள் ஓடிய ரீல்கள் எல்லாம் அதற்கு முன்னால் நொண்டியாகிப்போயின. திருநெல்வேலியில் இருந்தவர்கள் பகிர்ந்தார்கள், துபாயில் இருந்தவர்கள் பகிர்ந்தார்கள், தங்கள் அப்பா ஒருநாளும் பாராட்டாததைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். போகிப் பண்டிகை அன்று காலையில் இன்ஸ்டாகிராம் பெட்டியைத் திறந்தால் 'எனக்கு ரெண்டு பாக்கெட்', 'எங்க சங்கத்துக்கு இருபது', 'தங்கச்சி கல்யாணம் தை கடைசியில், மொத்தமாத் தருவீர்களா' என்று வந்துகொண்டே இருந்தன. முத்துமாலை அக்கா தன் தங்கையையும் கொழுந்தியாளையும் வேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்படியும் கை ஓயவில்லை.

மத்தியானம் குருபிரசாத் பேசினான். குரலே சரியில்லை.

"மேடம், உங்க பேஜ்ல என்ன நடக்குது? காலைல இருந்து எல்லாரும் ஒரு ஸ்டார் போட்டுத் தள்றாங்க. ஒருத்தர் 'உப்பு இல்லை. இன்னும் ஆர்டர் வரவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்'னு எழுதியிருக்காரு. இன்னொருத்தர் 'வாயில் வைக்க முடியவில்லை, ஆறு பாக்கெட் அனுப்பவும்'னு எழுதியிருக்காரு. சிஸ்டத்துக்கு ஒண்ணும் புரியல. உங்க மதிப்பு ரெண்டுக்கு வந்துடுச்சு. முதல் பக்கம் இனிமே வாய்ப்பே இல்ல."

"பரவாயில்ல சார்."

"மேடம்... எனக்கும் ஒரு பாக்கெட் வேணும். கூடைல வேணாம், உங்ககிட்டயே நேரா வாங்கிக்கறேன்."

அடுத்ததாக விஜயஸ்ரீ தலைமையாசிரியைக்குப் போன் செய்து, அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுக்கொள்ளச் சொன்னாள். "உன் அப்பா எழுதினதை வாசிச்சேன்மா. நானும் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கேன்" என்றார் அவர்.

பொங்கலன்று அருணாசலம் சாப்பிட உட்கார்ந்தார். விஜயஸ்ரீ சோற்றின் மேல் சொதியை ஊற்றினாள். அவர் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இப்ப எத்தனையில நிக்குது?"

"ஒண்ணு புள்ளி ஒண்ணுப்பா."

"எத்தனை பேரு பொட்டு வச்சிருக்காவ?"

"எண்ணி முடியலப்பா. ஆயிரத்தைத் தாண்டியிருக்கும்."

பெரிய பாரம் ஒன்றை இறக்கிவைத்தவர்போல அவர் தோள் இரண்டும் தளர்ந்தன. இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார். பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

"சொதி ரொம்ப நல்லாருக்கும்மா" என்றார்.

சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று வாசல் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார். யாரும் இல்லை. விஜயஸ்ரீ கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியதை அவள் துடைக்கவில்லை.

"என்னத்துக்கு அழுத? உக்காந்து நீயும் சாப்பிடு, ஆறிப்போவும்" என்றார் அப்பா.